தலையை எண்ணுவதா, வாரத்தை எண்ணுவதா?

முதியோர் கல்வியில் எந்த நாடு முந்தி நிற்கிறது என்று கேட்டால், உடனே ஓர் அட்டவணையை நீட்டுவார்கள். அத்தகைய அட்டவணைகளை நான் சற்று ஐயத்துடனேயே பார்ப்பவன்.

டென்மார்க்கில் உள்ள ரோடிங் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு முதல் 'மக்கள் உயர்பள்ளி' தோன்றிற்று. வயது வந்தோர் ஒன்றாகத் தங்கி, உண்டு, உரையாடிக் கற்கும் பள்ளி அது. பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக்கின் உள்ளத்தில் உதித்த அம்முறை, நார்வேக்கு 1864-லும் ஸ்வீடனுக்கு 1868-லும் பரவிற்று. பெயர் ஒன்றே, பொருளோ ஒன்றன்று. டென்மார்க்கில் பள்ளியிலேயே தங்குவது வழக்கம், தேர்வு கிடையாது. ஸ்வீடனிலோ பலர் மாலையில் வீடு திரும்புகின்றனர். பல்கலைக் கழகம் புகுவதற்குரிய தகுதியையும் அங்கே பெறலாம். இவ்விரு தொகைகளையும் 'உறைவிடக் கல்வி' என்ற ஒரே தலைப்பில் அடுக்குவது, நெல்லையும் அரிசியையும் ஒரே மரக்காலால் அளந்து கூட்டுவது போன்றதாகும்.

ஒரு நாட்டுக்குள்ளேயும் இடர் உண்டு. கோடையில் ஒரு வாரம் தங்கிச் செல்பவரும் ஒருவர். பல மாதங்கள் பயில்பவரும் ஒருவர். டேனியர் இதற்கு வழி கண்டனர். 40 வாரப் படிப்பை ஓர் 'ஆண்டு மாணவர்' எனக் கொண்டு, அதனையொட்டியே அரசு மானியம் வழங்குகின்றனர். ஒரு வாரம் வந்தவர் நாற்பது பேர் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டு மாணவர்! தலையை எண்ணினால் குறுகிய வகுப்புகள் மிகுந்த நாடு உயர்ந்து தோன்றும். வாரத்தை எண்ணினால், நார்வேயைப்போலப் பள்ளியாண்டு முழுதும் கற்பிக்கும் நாடு மேலெழும்.

ஆயினும் வாரக் கணக்கு, சில நாள் வந்துபோன முதியவர்களை ஏறக்குறைய மறைத்துவிடுகிறது. ஆகவே நான் இரண்டு எண்களையும் கேட்கிறேன்.