வானின் எதிரொலியும் நமது நாவும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வானம் பாதுகாக்கப்பட்ட முகடாக ஆக்கப்பட்டிருப்பதையும், அதன் அத்தாட்சிகளை மனிதர் புறக்கணிப்பதையும் அருள்மறையின் 21ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அவ்வானத்தின் ஒரு பகுதியை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு.

1901 டிசம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பப்பட்ட வானொலிச் சமிக்ஞை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கிடைத்ததாக மார்க்கோனி அறிவித்தார். நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான பூமியின் வளைவைக் கடந்தது எவ்வாறு? வானில் மின்னூட்டம் பெற்ற அடுக்கொன்று அதனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம் என 1902இல் கென்னலி, ஹெவிசைடு ஆகிய இருவரும் தனித்தனியே கருதினர். ஆயினும் அது ஊகமே.

1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அதனைச் சோதித்தனர். போர்ன்மவுத் வானொலி நிலையத்தின் அலைநீளம் சிறிது சிறிதாக மாற்றப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர்கள் அதனைப் பதிவு செய்தனர். தரைவழி வந்த அலையும் வானில் பட்டுத் திரும்பிய அலையும் கலந்ததால் சமிக்ஞை வலுத்தும் மெலிந்தும் மாறியது. அம்மாற்றங்களை எண்ணிக் கணக்கிட்டபோது, அவ்வடுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வுப் பணிக்காக ஆப்பிள்டன் 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

அன்பிற்குரியவர்களே! கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உறுதிப்படுத்த அறிஞர்களுக்கு 22 ஆண்டுகள் தேவைப்பட்டன. நாமோ, கைப்பேசியில் வரும் செய்தியை 22 நொடிகள்கூட ஆராயாமல் பரப்புகின்றோம். அதில் ஒரு குமரியின் மானமும், ஒரு குடும்பத்தின் நிம்மதியும் அடங்கியிருக்கலாம். செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெறுமாறு 49ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகின்றதே!

மார்க்கத்தின் பெயராலும் இந்த அவசரம் கூடாது. ‘இந்த அடுக்கைத்தான் அந்த வசனம் குறிக்கின்றது’ என அறுதியிட்டுக் கூறாதீர்கள். அறிவியல் கருத்துகள் திருத்தப்படக்கூடியவை. நாளை அவை மாறினால், நம் பிள்ளைகள் ஐயுறுவது நமது சொல்லை மட்டுமன்று, இறைவசனத்தையும்தான். படைப்பைக் கண்டு வியப்போம். அறிந்ததை மட்டும் மொழிவோம். பிள்ளைகள் வினவினால் அதட்டாமல், விடை தேட உடன் நிற்போம்.

செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் அந்நாளில் வல்ல நாயன் நம்மை இழிவிலிருந்து காப்பானாக! ஆமீன்.