கடற்பசுவும் ஊராட்சியும்

(நம் சங்கத்தின் திருத்தணிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முருகன் வீற்றிருக்கும் மலையூரில் நின்று கடலைப் பற்றிப் பேச வந்தானே இப் பண்டிதன் என்று சிலர் நகைக்கக்கூடும். 365 படிகளும் ஏறி நின்று நோக்கினும் கடல் நம் கண்ணுக்குத் தோன்றாது என்பது மெய்யே. ஆயினும் நம் ஊரையொட்டி ஓடும் நந்தியாறு கொசத்தலையாற்றிற் கலக்கின்றது. கொசத்தலையாறோ பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்திற் கடலை அடைகின்றது. நாம் நந்தியாற்றில் எறியும் குப்பை மழைக்காலத்தில் எவ்விடம் போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்ப்பார் நம்முள் எத்தனை பேர்? ஆதலின் கடல் நமக்கு அயலன்று.

யான் இன்று சொல்லப் புகுந்தது, கடற்பசு என்னும் ஓர் உயிரையும், அதனைக் காக்கும் பணியில் ஊராட்சிகளுக்குச் சட்டம் அளித்துள்ள இடத்தையும் பற்றியது.

கடற்பசு மீனினத்தைச் சேர்ந்ததன்று. குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. மீனவர் இதனை ஆவுளியா என வழங்குவர். பெயருக்கேற்ப இது மேய்வது கடலடியில் வளரும் புல்லை. கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. புல்லுக்கு வேருண்டு, பூவுண்டு, விதையுண்டு. (நம் பிள்ளைகள் தேர்வுத்தாளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகின்றனர்; படித்த பெரியோரும் அவ்வாறே பேசக் கேட்டிருக்கின்றேன்.) வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்னும். நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுவதாகலின், சில நிமிடங்களுக்கொரு முறை நீர்மட்டத்திற்கு வந்தேயாக வேண்டும். வலையிற் சிக்கினால் மேலே வர இயலாது. கடலிற் பிறந்து கடலில் வளர்ந்த உயிர் கடல்நீரில் மூச்சடைத்துச் சாகின்றது என்றால் கேட்போர்க்கு வியப்பாகும்; நடப்பது அதுவே.

பெண்பசு ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழாண்டுகள் செல்லும். இந்திய நாட்டுக் கடல்களில் எஞ்சியவை ஏறத்தாழ 240 என்று தமிழ்நாட்டரசு தன் அறிவிப்பிற் சொல்லிற்று. இத்துணைச் சிறு தொகையில் ஆண்டுக்குச் சில வலையில் மாண்டாலும் இனம் நிலைப்பது அரிது.

இதனைக் கருதியே 2022 செப்டம்பர் 21ஆம் நாள், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டில் இவ்வுயிர்க்கென அமைந்த முதற் காப்பகம் இதுவே. இது தேசியப் பூங்கா வகையைச் சார்ந்ததன்று என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகச் சேர்த்த வகை இது. அவ்விடத்து மக்களைக் கலந்தாலோசித்த பின்னரே இவ்வகைக் காப்பகத்தை அறிவித்தல் வேண்டும் என்பது விதி.

இனி, நான் சொல்ல விழைந்த நுட்பம் இவ்விடத்தே உள்ளது. இக் காப்பகத்தை நடத்த அறிவுரை கூறும் குழுவில் யார் யார் இருத்தல் வேண்டும் என்று அத்திருத்தம் எண்ணிச் சொல்லுகின்றது: வனத்துறையினர் ஒருவர், காப்பக எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒருவர், வனவுயிர்த் தொண்டு நிறுவனத்தார் மூவர், வேளாண்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் ஒவ்வொருவர். நிலத்துக் காடுகளை மனத்திற்கொண்டு எழுதினர் போலும்! மீன்வளத் துறையின் பெயரை அவ்விடத்துக் காணேன். ஆகவே கடலோடியின் சொல் அக்குழுவில் உறுதியாக ஒலிப்பதற்குச் சட்டம் திறந்துவைத்த வாயில் ஊராட்சி ஒன்றே.

வலை அறுப்பவன் யார்? மீனவன். சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கத் தன் வலையைத் தானே அறுத்து, அன்றைய வருவாயையும் இழப்பவன் அவனே. அவ்வாறு விடுவித்தோரைப் பாராட்டி வனத்துறை ஊக்கத்தொகை அளித்து வருவது நன்று. ஆனால் இழுவைப்படகுகள் கரையை ஒட்டிய கடற்பகுதியில் மீன்பிடித்தலாகாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், அவை உள்ளே புகுந்து புல்வெளியை வாரிச் சென்றால் முதலிற் காண்பவனும் அவனே. அவன் கண்டதைக் குழுவில் எடுத்துரைப்பவர் அவனூரார் தேர்ந்தெடுத்தவராய் இருத்தல் முறையன்றோ?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் நம் திருவள்ளூரும் அடங்கும். அங்கு ஊராட்சியாளர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. மறுதேர்தல் நடவாமையால் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குச் சென்றன. அவ்வலுவலர்கள் கடமையிற் குறைந்தவர்கள் என்று யான் கூறவில்லை. ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கவுமில்லை, நீக்கவும் இயலாது. அவர் ஊராட்சியின் பெயரால் அமர்வதும் மீனவன் அமர்வதும் ஒன்றாகா. காப்பகம் அறிவித்து மூன்றாண்டு நிரம்பும் முன்னரே அவ்வாயில் இங்ஙனம் அடைபட்டது பெருங்குறை என்பதே என் துணிபு. அரசியற் சட்டத்தின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் மீன்வளத்தை ஐந்தாவதாக வைத்துள்ளமையையும் ஈண்டு நினைவுகூர்வோமாக.

நம் மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது; நம் பகுதி 1980 முதல் பறவைகள் காப்பிடமாக உள்ளது. 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்த திருத்தணியார்க்கு எல்லைக்கோட்டின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் ஏரிமீன் அக்கோட்டை அறியாது.

கிராமங்களில் வாழும் நம் உறவினர் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களிற் கூடும் கிராம சபைக்குத் தவறாது செல்லுக. ஊராட்சித் தேர்தல் பற்றியும் நீர்நிலை பற்றியும் தீர்மானம் எழுதிக் கேட்க அங்கு உரிமையுண்டு. நகரத்தார்க்கு வேறொன்று. நந்தியாற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயிலிலும் குப்பை தடுக்கும் கம்பிவலை அமைக்குமாறு நம் நகராட்சிக்கு விண்ணப்பம் ஒன்று எழுதியுள்ளேன். வாயிலருகே மேசைமேல் இருக்கின்றது; இசைவுடையோர் கூட்டம் கலையுமுன் கையெழுத்திடுக.