பழைய காருக்கு எல்இடி பல்பு போடலாமா?

சேலம்–நாமக்கல் நாலு வழிச்சாலையில நடுவுல தடுப்பு இருக்கு. எதிர்ல வர்றவங்க கண்ணை நம்ம லைட் எவ்வளவு கூச வைக்குதுன்னு அங்கே தெரியாது. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் தடுப்பில்லாத ரோட்டுல, எதிர்ல லோடு லாரி வரும்போது தெரியும்.

பழைய கார்கள்ல பெரும்பாலும் எச்4 ஹாலஜன், 60/55 வாட். லோ பீம் இழைக்குக் கீழே குட்டியா ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே ஏறாம ரோட்டுல விழறது அதனாலதான். எல்இடி பல்புல சிப் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுடும். பக்கத்துல பளிச்சுனு இருக்கும், தூரத்துல இருட்டு. லாரி டிரைவருக்கோ ரோடே தெரியாது.

என்னைக் கேட்டா, பல வண்டிகள்ல குறை பல்புல இல்லை, வயர்ல. வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினா ஹாலஜன் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும். முதல்ல ரிலே வெச்சு பேட்டரியிலிருந்து நேரா கரண்ட் கொடுங்க, மஞ்சளான ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போடுங்க. பாதி பேருக்கு அதுவே போதும்.

இல்லை, எல்இடிதான் வேணுமா? பழைய பல்பு இருக்கும்போதே ராத்திரி ஒரு சுவர் முன்னாடி நிறுத்தி, வெளிச்சம் முடியற கோட்டை சாக்பீஸ்ல குறிச்சுக்கங்க. புதுசு மாட்டினதும் அதே இடத்துல நிறுத்திப் பாருங்க. கோட்டுக்கு மேலே வெளிச்சம் சிதறுதா, கழட்டிக் கடையில திருப்பிக் கொடுத்துடுங்க.