ஏரியின் அடியில் கிடப்பது



கோடை விடுமுறையில் வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போய்வராத பங்குகள் நம்மிடையே குறைவு. ஏரியைச் சுற்றி நடந்திருப்பீர்கள். பிள்ளைகளோடு படகில் ஏறியிருப்பீர்கள். ஓடை நீரைத் தேக்கி 1863இல் உருவாக்கப்பட்ட ஏரி அது. இன்று அதன் தண்ணீரைப் பற்றி அல்ல, அடியில் படிந்திருக்கும் சேற்றைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிவந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவிதானே, அதில் என்ன கேடு வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் குவிந்து கிடப்பது வெளியே தெரிந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு, பாதரசம் வந்த அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

அதோடு தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றோடு போய் மழையோடு இறங்கும். ஐதராபாத் அறிவியலாளர்கள் அங்குள்ள ஏரித் தண்ணீரையும், சேற்றையும், மீனையும் சோதித்து, அவற்றில் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியிட்டார்கள்.

சேற்றில் கிடந்தால் கிடக்கட்டுமே என்று கேட்கலாம். இலை மக்கும், துணி மக்கும், உலோகம் மக்காது. காரீயமும் காட்மியமும் அப்படியே. பாதரசத்தின் குணம் இன்னும் மோசம். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அதைப் புழு உண்கிறது, புழுவைச் சிறுமீன், சிறுமீனைப் பெரிய மீன். படிக்குப் படி நஞ்சு கூடுகிறது. கடைசிப் படி நம் சோற்றுத் தட்டு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது மீனை விட்டுப் போகாது.

இந்த நஞ்சு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் மினமாட்டா ஊர் அனுபவித்தது. 1932 முதல் 1968 வரை ஒரு வேதியியல் ஆலை தன் கழிவைக் கடலில் விட்டது. அங்கே கழிவிலேயே மீத்தைல் பாதரசம் இருந்தது. கொடைக்கானலை அதற்கு ஈடாக நான் சொல்லவில்லை. மீன் தின்ற பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன. பிறகு மீனவக் குடும்பங்களில் கைகால் நடுக்கம், பார்வைக் குறைவு, பேச்சுக் குழறல். 1956இல் நோய் அறியப்பட்டது. கழிவு நிற்க மேலும் 12 ஆண்டுகள் ஆயின. என்னை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. சில தாய்மார்களுக்கு நோயின் அடையாளமே பெரிதாக இல்லை. நஞ்சு அவர்கள் வயிற்றிலிருந்த பிள்ளையைத் தாக்கியிருந்தது. அந்தக் கடற்சேற்றைத் தோண்டி எடுத்து அடைக்க 1977 முதல் 1990 வரை பிடித்தது. 58 ஹெக்டேர் புதுநிலமாக அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

தொடக்கநூலில் காயின் தன் தம்பியை வயல்வெளியில் வைத்துக் கொன்றான். பார்த்தவர் யாருமில்லை. ஆனால் ஆபேலின் இரத்தத்தை வாங்கிக்கொண்ட நிலத்திலிருந்தே முறையீடு கடவுளை எட்டியது. தம்பி எங்கே என்று கேட்டபோது, தெரியாது என்றான் காயின். 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். கொடைக்கானலில் அவை இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. ஆலையில் பாதரசத்தோடு வேலை செய்தவர்களில் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016இல்தான், ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து.

நம் வீட்டு டியூப் லைட்டிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. அடுத்த அன்பியக் கூட்டத்தில், எரியாமல் போன டியூப் லைட்டுகளை எங்கே போடுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். குளக்கரையில் என்று பதில் வந்தால், அவற்றைப் பத்திரமாகச் சேர்த்துவைக்கக் கோயில் வளாகத்தில் ஓர் இடம் ஒதுக்கும்படி பங்குத்தந்தையிடம் பேசுங்கள். உடையாமல் வைக்க ஓர் அட்டைப்பெட்டி போதும்.