வாடகை ரசீதைக் கேட்டு வாங்குங்கள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்யாணுக்கு அடுத்த உல்லாஸ்நகரில் கேம்ப் 3, கேம்ப் 4 என்று விலாசம் சொல்கிறோமே, அது என்ன கேம்ப்? இரண்டாவது உலக யுத்தத்துக்காக வெள்ளைக்கார சர்க்கார் போட்ட ராணுவ முகாம் அது. யுத்தம் முடிந்தது, பாரக்குகள் காலியாயின. 1947இல் நாடு துண்டானதும், சிந்துவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களை அந்தப் பாரக்குகளில் இறக்கினார்கள். ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள், துணித்திரைதான் சுவர். 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். உல்லாசம் என்ற சொல்லுக்கு நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டதோ!

1954இல் அகதிகளுக்கான நஷ்டஈடு, மறுவாழ்வுச் சட்டம் வந்தது. தங்கியிருந்த இடம் சொந்தமாக வழி பிறந்தது. கையில் பத்திரம் வந்தது. அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

பிறகு பாரக் இருந்த இடத்தில் மாடிகள் முளைத்தன. பல அனுமதியே இல்லாதவை. வழக்கு உயர்நீதிமன்றம் போய், கடைசியில் 2006இல் அவற்றை முறைப்படுத்தத் தனிச் சட்டமே போட்டார்கள். காகிதம் முறையானால் சிமெண்டு உறுதியாகிவிடுமா? 2021 மே மாதத்தில் மட்டும் இரண்டு கட்டடங்களில் தளம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின.

இடித்துக் கட்டத்தான் வேண்டும். ஆனால் யார் பெயருக்குப் புது வீடு? எனக்குத் தெரிந்த நம்மூர்க் குடும்பம் ஒன்று, பதினெட்டு வருஷம் மாதம் தவறாமல் வாடகை கொடுத்தது. துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. "சேட் நல்லவர், அண்ணே, கேட்டால் வருத்தப்படுவார்" என்றார்கள். காலி செய்யச் சொன்ன அன்று அந்த நல்லவர், இவர்கள் போன வருஷம் வந்தவர்கள் என்றார்.

1999ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி ரசீது கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பும் அவருடையதே. பதிவு செய்யாவிட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை நிபந்தனை பற்றி வாடகைதாரர் சொல்வதே நிற்கும். நான் குமாஸ்தா; சீட்டில்லாமல் வண்டியேறியவன் பாடு எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். ரேஷன் கார்டு, மின்சார பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இருப்பதைக் கொண்டு வாருங்கள். ரசீது கேட்டு வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதித் தருகிறோம். ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்புங்கள்.