பாரம் இழுத்த குதிரைகளும் படம் வரைந்த கைகளும்



'பிளக் பியூட்டி' கதையை நம்மில் பலர் சிறுவயதில் வாசித்துக் கண்கலங்கியிருக்கிறோம். அக்கதை பிறப்பதற்கு முன்பே பிரித்தானிய ஓவியர்கள் உழைக்கும் குதிரைகளை வரைந்துவந்தார்கள். அவற்றுட் சிலவற்றை இன்று சேர்ந்து பார்ப்போம்.

ஜோன் பிரெடரிக் ஹெரிங் ஓவியராவதற்கு முன் பயணிகள் குதிரை வண்டியின் சாரதி. கடிவாளம் பிடித்த கைதான் பின்னர் தூரிகை பிடித்தது. ஆயினும் அவர் வரைந்த பண்ணைக் குதிரைகள் வைக்கோல் முற்றத்தில் நிம்மதியாக நிற்கின்றன, மேனி மினுங்குகிறது.

எட்வின் லான்ட்சியர் 1844இல் காட்சிக்கு வைத்த 'லாடம் அடித்தல்' ஓவியத்தில் பெட்டி என்ற பெண்குதிரை நிற்கிறது. அருகே ஒரு கழுதை, ஒரு நாய், குனிந்து வேலைசெய்யும் கொல்லர். பெட்டியைக் கட்டிவைக்கக் கயிறே இல்லை. தன் விருப்பத்தோடு நிற்பதுபோலத் தெரிகிறது. பெட்டியின் சொந்தக்காரர் ஜேக்கப் பெல்லிடமே அந்த ஓவியமும் இருந்தது.

அழகான படங்கள்தாம். ஆனால் விலங்கோவியங்களை வரைவித்தவர்களிற் பலர் அவ்விலங்குகளின் சொந்தக்காரர்கள். அவர்கள் காண விரும்பியதையே நாமும் காண்கிறோம். அக்காலத்துத் தெருவிலோ, தலை தாழாதபடி குதிரையை வாரால் இழுத்துக் கட்டுவது நாகரிகமாயிருந்தது. மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தி உன்ன வேண்டும். அந்த வார் அதற்கு இடங்கொடாது, மூச்சையும் திணறவைக்கும்.

இதை எழுத்தில் கொண்டுவந்தவர் அன்னா சூவெல். 14 வயதில் விழுந்து கால்கள் பழுதுபட்டதால், வெளியே போக அவருக்குக் குதிரையே துணை. நோயோடு எழுதிய 'பிளக் பியூட்டி' 1877இல் வெளியானது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். தன்னைச் சுமந்த உயிரின் நோவை அவர் மறக்கவில்லை.

1897இல் லூசி கெம்ப்-வெல்ச் என்ற இளம்பெண், காட்டுக் குதிரைக் குட்டிகளைத் துரத்திப் பிடிக்கும் காட்சியைப் பென்னம்பெரிய திரையில் தீட்டினார். அது தேசத்துக்கென வாங்கப்பட்டது. பின்பு மரம் இழுக்கும் குதிரைகளையும் வரைந்தார். அங்கே புடைத்த தசையும் உன்னும் கழுத்தும் மறைக்கப்படவில்லை. 1915இல் 'பிளக் பியூட்டி'க்குப் படம் வரைந்தவரும் அவரே. ஆனாலும் றோயல் அக்கடமி அவரை ஒருபோதும் உறுப்பினராக்கவில்லை.

சகோதரிகளே, அழகான படமொன்றைக் காணும்போது, வரையாமல் விடப்பட்ட வாரையும் தேடிப் பார்ப்போம். நம்மைச் சுமந்தவர்களை நினைக்கும்போதும் அப்படியே பார்ப்போம்.