ஒலிம்பிக் களமும் மகளிரும்



உலக விளையாட்டு வரலாற்றைக் கி.மு. 776-இல் கிரேக்க நாட்டு ஒலிம்பியாவிலிருந்து தொடங்குதல் மரபு. வென்றோர் பெயர்கள் நிறைந்த அவ்வரலாற்றில், தடுக்கப்பெற்றோரைச் சிறிது நினைவுகூர விழைகிறேன்.

ஒலிம்பியாவில் மணமான பெண்டிர் போட்டிகளைக் காண்பதற்கே தடை இருந்தது. மீறுவோரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுதல் தண்டனை என்கிறார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான பௌசானியாஸ். கலிப்பாத்தைரா என்னும் கைம்பெண், தம் மகனின் பயிற்சியாசானாக ஆண்வேடம் பூண்டு நுழைந்தார். மகன் வென்றான். தாயோ தம்மை மறந்து தடுப்பைத் தாண்டிக் குதித்தார்; ஆடை விலகியது; உண்மை வெளிப்பட்டது. தந்தையும் உடன்பிறந்தாரும் மகனும் ஒலிம்பிய வெற்றியாளர் என்பதால் உயிர் பிழைத்தார். இனிப் பயிற்சியாசான்களும் ஆடையின்றியே வருதல் வேண்டும் என விதி செய்தனராம்! மன்னிப்பும் புதிய தடையும் ஒருங்கே வந்தமை நோக்கத்தக்கது.

ஸ்பார்ட்டா அரசர் மகள் கினிஸ்கா கி.மு. 396-இலும் 392-இலும் தேர்ப்போட்டியில் வாகை சூடினார். பரிசு குதிரைகளின் உடைமையாளர்க்கே உரியது. ஆதலின் களத்தில் அடி வையாமலே அவர் வென்றார்.

1896-இல் ஏதென்சில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக்கிலும் மகளிர்க்கு இடமில்லை. அதனை நிறுவிய கூபர்த்தேன் அவர்கள் பங்கேற்பை விரும்பியவரல்லர். 1900-இல் டென்னிசும் கோல்ஃபும் அவர்களுக்குக் கிட்டின, ஓட்டக்களம் கிட்டவில்லை. பிரான்சு நாட்டு அலிஸ் மிலியா 1922-இல் பாரிசில் மகளிர்க்கெனத் தனி உலகப் போட்டியே நடத்திக் காட்டினார். அதன் பின்னரே 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஐந்து தடகளப் போட்டிகள் மகளிர்க்குத் திறந்தன.

அவற்றுள் ஒன்று 800 மீட்டர் ஓட்டம். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடிகளில் உலகச் சாதனை படைத்தார். இறுதியில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லையை எட்டினர். ஆயினும் பலர் வழியிலேயே வீழ்ந்தனர் என நாளேடுகள் எழுதின. ஓடிமுடித்த ஆடவர் மூச்சிரைத்துத் தரையில் கிடப்பதை எவரும் பொருட்படுத்தியதில்லை. எழுத்தைப் போற்றும் இவ்வவையில் சொல்லத்தான் வேண்டும்: ஓடிய கால்களைவிட எழுதிய கைகளே நம்பப்பட்டன. மகளிர் 800 மீட்டர் நீக்கப்பெற்று, 1960-இல் ரோமில்தான் மீண்டது.

மகளிர் மராத்தான் 1984 வரை காத்திருந்தது. அவ்வாண்டு அதே லாஸ் ஏஞ்சல்ஸில் நம் நாட்டு பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு விநாடியால் வெண்கலத்தை இழந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அப்போட்டியும் ஒலிம்பிக்கில் மகளிர்க்கு முதன்முறையாகத் திறந்தது அவ்வாண்டுதான்.